நான்காயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

கிரானைட்டை அறுக்கும்போது சத்தம் போடுவது கல்லா, வாளா?

கல் என்றுதான் சொல்லத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதிச் சத்தம் வாளிலிருந்து வருகிறது. வட்ட வாளின் விளிம்பில் வைரத்துகள் கலந்த சிறு பற்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் கல்லில் மோதும். மோதலின் அதிர்வு நடுவிலுள்ள எஃகுத் தகட்டுக்குப் போகும். தகடு சேகண்டி போல அதிரும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான அடிகள் விழுவதால், சேகண்டியின் ஒற்றை ‘டண்’ இங்கே இடைவெளியே இல்லாத அலறலாக ஆகிவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டு வேறு மாதிரி வாள் செய்தார்கள். நடுத்தகடு ஒரே எஃகாக இல்லாமல் இரண்டு மெல்லிய தகடுகளாக இருக்கும். இடையில் செம்பு போன்ற வேறொரு பொருளின் அடுக்கு. தகடு அதிர முயலும்போது அந்த இடையடுக்கு அதிர்வை உள்ளுக்குள்ளேயே உரசி வெப்பமாக்கிவிடும். சந்தையில் இதை ‘சைலன்ட்’ வாள் என்று விற்கிறார்கள். இதனால் சத்தத்தை 10 டெசிபல் அளவுக்குக் குறைக்க முடியும். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. கல், வேலை, ஆள் எதுவும் மாறவில்லை. யார் காதிலும் யாரும் எதையும் செருகவில்லை.

ஆலை இரைச்சலைப் பற்றி எழுதுகிறவர்கள் காதில் தொடங்கி இயர் பிளக்கில் முடிப்பது வழக்கம். நான் வாளில் தொடங்கியது வேண்டுமென்றேதான். செவித்திறன் இழப்பு காதில் நிகழ்கிறது. அதன் காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறந்துவிட்டு, “பிளக் கொடுத்தோம், அவன் போடல” என்று முடித்துவிடுவதில்தான் நம் ஊர்த் தொழிற்கூடங்கள் பலவற்றின் காதுப் பாதுகாப்பு நின்றுபோயிருக்கிறது.

நம் ஊர் என்று நான் சொல்வது கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும். தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள். குளிர்ந்த மேட்டுநிலம், ராகிக் காடு, இப்போது ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக் குடில்கள், ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கி வரும் யானைகள். அமைதியான ஊர் என்று சுற்றுலாக் கையேடு எழுதலாம். ஆனால் தளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். வடகிழக்கில் ஓசூர். அங்கே 1970-களில் சிப்காட் வளாகம் வந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்யத் தொடங்கின. அவற்றுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் பிரஸ் ஷாப், ஃபவுண்டரி, கிரைண்டிங், பெயின்ட் அடிக்கும் சிறு கம்பெனிகள் பெருகின. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கப் பாறை. ‘பாரடைசோ’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் கிரானைட் இந்த மண்ணுடையது. ஜல்லி கிரஷர்களும் உண்டு. கர்நாடக எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல். அதற்கு அப்பால் கிரானைட் பலகை அறுக்கும் கூடங்கள் நிறைந்த ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துக் கம்பெனிக்கு ஷிஃப்ட் போய்வருவது இங்கே சாதாரணம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருடைய காதிலும் ஒரே இடத்தில்தான் முதல் அடி விழும். அது 4,000 ஹெர்ட்ஸ்.

ஏன் அங்கே? பாதி விடை காதுத் துளையின் நீளத்தில் இருக்கிறது. வெளிக்காதின் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு முனை திறந்தது, மறுமுனையில் செவிப்பறை. இப்படி ஒருமுனை மூடிய குழாய், தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். நான்கு மடங்கு என்றால் 10 சென்டிமீட்டர். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ் வரும். ஆலைச் சத்தத்தில் எல்லா அலைவரிசையும் கலந்திருந்தாலும் காது தானாகவே மூவாயிரத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தூக்கி உள்ளே அனுப்புகிறது. உள்காதில் சேதம், வந்த ஒலிக்குச் சற்று மேலான அலைவரிசையில் நிகழும். அதனால்தான் 4,000.

உள்காதின் நத்தைச்சுருளை நீட்டினால் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் மயிர்ச் செல்கள் என்று அழைக்கப்படும் நுண்ணுணர்வுச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகிறவை. வெளிவரிசைகளில் சுமார் 12,000. அவை மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பவை. இரைச்சலில் முதலில் சாவது இந்த வெளிவரிசைதான். கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். 1980-களின் இறுதியில் அது உறுதியானபோது காது மருத்துவ உலகமே பரபரத்தது. பாலூட்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நமக்குப் பிறக்கும்போது கிடைத்ததுதான் கணக்கு.

இயற்கை ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறது. பெருஞ்சத்தம் கேட்டால் நடுக்காதிலுள்ள ஒரு சிறு தசை இறுகி, எலும்புகளின் அசைவைக் குறைக்கும். ஆனால் அது முழுதாக இறுகுவதற்குள் விநாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடலாம். பவர் பிரஸ் தகட்டில் இறங்கும் அடி, சுத்தியல் இரும்பில் விழும் அடி, அதற்குள் உள்ளே போய்விட்டிருக்கும். இடியும் கல்லுருளலும் தவிர வேறு பெருஞ்சத்தம் இல்லாத உலகத்தில் உருவான காது அது. பிரஸ் ஷாப்பை அது எதிர்பார்க்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்தது போலிருக்கும்; ‘ங்கொய்’ என்று ஒரு ரீங்காரம். காலையில் சரியாகிவிடும். அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் சரியாகிவிட்டது என்பதே முழு உண்மை இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009-இல் சுண்டெலிகளிடம் காட்டிய விஷயம் இது: கேட்கும் அளவு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பிய பிறகும், மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் கணிசமான பங்கு நிரந்தரமாக அறுந்துபோயிருந்தது. சாதாரணச் செவிச்சோதனையில் இது தெரியாது.

ஆண்டுகள் போகப் போக 4,000-இல் விழுந்த பள்ளம் இரு பக்கமும் அகலும். செவிச்சோதனைத் தாளில், அதாவது ஆடியோகிராமில், இதைப் பார்த்தால் அடையாளம் காணலாம்: கோடு 2,000 வரை நேராக வந்து, 4,000-இல் இறங்கி, 8,000-இல் கொஞ்சம் ஏறும். வயதால் வரும் மந்தத்தில் அந்தக் கடைசி ஏற்றம் இருக்காது. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில். வல்லின மெய்களும் ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளும் உயர்ந்த பக்கத்தில். எனவே பாதிக்கப்பட்டவருக்குக் குரல் கேட்கும். சொன்னது பட்டா, தட்டா என்று பிரியாது. “கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்பார். பேரக்குழந்தையின் கீச்சுக்குரல் முதலில் நழுவும். டிவி சத்தம் ஏறும். இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர் அநேகமாக மனைவிதான். மருத்துவரோ கம்பெனியோ அல்ல. ஒலியைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக் கத்துகிறவர்களுக்கு, “ஏன் கத்துறே?” என்ற பதில் கிடைக்கும். உயர்ந்த ஒலி கேட்காது. தாழ்ந்த ஒலி கூடினால் வலிக்கும். குடும்பத்தில் சண்டை மூள்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இது புதுச் செய்தி இல்லை. இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700-இலேயே வெனிஸ் நகரத்துச் செம்புக் கொட்டர்கள் செவிடாவதை எழுதிவைத்தார். 1886-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த தாமஸ் பார் என்ற மருத்துவர் அதை அளந்தே காட்டினார். கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைக் சட்டைப்பைக் கடிகாரத்தின் டிக்டிக்கை வைத்துச் சோதித்தார். ஒப்பிட, இரும்பு வார்ப்பவர்களையும் தபால்காரர்களையும் எடுத்துக்கொண்டார். அந்த 100 பேரில் ஒருவருக்குக்கூடச் செவி சரியாக இல்லை. காரணம் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகியும் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு சத்தம் வரை அனுமதிப்பது?

இந்தியாவின் விடை 90 டெசிபல், எட்டு மணி நேரம். ஆலைகளுக்கான மாதிரி விதிகளில் இந்த எண் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் 1998-இல் பரிந்துரைத்தது 85. ஐந்து டெசிபல்தானே என்று தோன்றும். ஆற்றல் கணக்கில் 90 என்பது 85-ஐப் போல் மூன்று மடங்குக்கும் மேல். நையோஷின் மதிப்பீட்டில், 40 ஆண்டுகள் 85-இல் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குக் கூடுதலாகச் செவிப் பாதிப்பு வரும். 90-இல் நூற்றுக்கு 25 பேர். நம் விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கும் நேர்மையான கம்பெனியிலும் நான்கில் ஒருவர் காதைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவார் என்று அர்த்தம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சத்தம் கூடினால் நேரம் எவ்வளவு குறைய வேண்டும்? ஆற்றல் 3 டெசிபலுக்கு இரட்டிக்கிறது. ஆகவே 3 கூடினால் நேரம் பாதியாக வேண்டும் என்கிறது நையோஷ். ஐரோப்பாவும் அப்படியே. நம் விதியும் அமெரிக்கச் சட்ட வரம்பும் 5 கூடினால் பாதி என்கின்றன. 100 டெசிபல் உள்ள இடத்தில் நையோஷ் கணக்குப்படி 15 நிமிடம் நிற்கலாம். நம் விதிப்படி 2 மணி நேரம். எட்டு மடங்கு வித்தியாசம்! எட்டு மணி நேரம் என்ற அடிப்படையே ஆடுவதும் உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் அரசு திரும்பப் பெற்றது. அன்று நடந்த விவாதம் களைப்பையும் குடும்பத்தையும் பற்றியது. காதைப் பற்றியும் பேசியிருக்கலாம்: ஷிஃப்ட் 12 மணியானால், நம் தாராளமான விதிப்படியே வரம்பு 87-க்கு இறங்க வேண்டும். சட்டம் திரும்பிப் போனாலும் ஓவர்டைம் போகவில்லை.

சரி, இயர் பிளக். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கணக்கை மட்டும் பார்ப்போம். அட்டையில் 30 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் செருகிவிட்டு அளந்தது. வேலையிடத்தில், அவசரத்தில், நுனியை மட்டும் செருகினால் பாதிகூடத் தேறாது. நுரைப் பிளக்கின் எண்ணைப் பாதியாக வெட்டித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நையோஷின் அறிவுரை. சரியாகவே செருகியிருந்தாலும், எட்டு மணி நேரத்தில் அரைமணி மட்டும் கழற்றி வைத்தால் என்ன ஆகும்? அந்த அரைமணி மொத்த நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு. பதினாறில் ஒரு பங்கு ஆற்றல் உள்ளே போய்விட்டது. அதாவது அன்றைய மொத்தப் பாதுகாப்பு 30-லிருந்து 12 டெசிபலாகச் சரிகிறது. சூப்பர்வைசர் கூப்பிட்டதற்கும், போன் பேசியதற்கும், காது வியர்த்ததற்கும் கழற்றியதைக் கூட்டினாலே அரைமணி ஆகிவிடும்.

எண்ணெய்க் கையால் உருட்டிச் செருகினால் காதில் சீழ் பிடிக்கலாம். “போட்டா வண்டி ஹாரன் கேக்காதுங்க” என்ற புகாரும் உண்டு. இதில் பாதி தவறு, பாதி சரி. காது நன்றாக இருக்கிறவருக்குப் பேரிரைச்சலில் பிளக் போட்டால் பேச்சும் எச்சரிக்கையும் புரிவது குறையாது, சில சமயம் தெளிவாகவே கேட்கும். இரைச்சலும் குரலும் சேர்ந்தே குறைவதால் காது திணறுவது நிற்கிறது. ஆனால் ஏற்கெனவே 4,000-இல் பள்ளம் விழுந்தவருக்கு மிச்சமிருப்பதும் போய்விடும். பழைய ஆட்கள் பிளக்கைக் கழற்றுவது பிடிவாதத்தால் மட்டுமல்ல. பிளக் போடத் தொடங்கியிருக்க வேண்டிய காலத்தில் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

எனவே மறுபடியும் இயந்திரத்துக்கு வருவோம். ஓசூர்ப் பக்கத்துச் சிறு கூடங்களில் அதிகம் கவனிக்கப்படாத சத்தம் ஏர் கன். இரும்புத் தூசியை ஊதித்தள்ள, காம்ப்ரசர் காற்றை வெறுங்குழாயில் பீய்ச்சுவார்கள். 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், ஒலிவேகத்துக்குக் கீழே பாயும் காற்றுத் தாரையின் சத்தம் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கைப் பொறுத்தது என்று நிறுவினார். அவர் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்திருந்தார். கணக்கு ஏர் கன்னுக்கும் கைகொடுக்கிறது. காற்றின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும், ஒலியாற்றல் ஆறில் ஒரு பங்காகிவிடும். ஏறத்தாழ 8 டெசிபல். குழாயின் முனையில் ஒற்றைத் துளைக்குப் பதில் பல சிறு துளை கொண்ட நாசிலை மாட்டி, அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால் முடிந்தது. காம்ப்ரசரின் கரண்ட் பில்லும் குறையும். காதுக்காகச் செய்யாத முதலாளிகூட பில்லுக்காகச் செய்யலாம்.

பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் ‘பஞ்ச்’ அச்சின் முகம் தட்டையாக இருந்தால் தகடு முழுவதும் ஒரே நொடியில் அறும். அந்த அதிர்ச்சிதான் சத்தம். முகத்தைச் சற்றுச் சாய்வாகத் தீட்டினால் கத்தரிபோல ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு போகும், அடி நீண்டு தணியும். கிரஷரின் சரிவுத் தகட்டில் ரப்பர் ஒட்டினால் கல் இரும்பில் விழாது. குவாரியில் ஜாக்ஹாமருக்குப் பதிலாக வைரக் கம்பி ரம்பம் இருந்தால் சத்தம், தூசு, கை நடுக்கம் மூன்றும் ஒருசேரக் குறையும். இயந்திரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூண்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு தடிமனானாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கேபிள் நுழைவதற்கு விட்ட சந்துதான் கூண்டைத் தோற்கடிக்கும்.

இடமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். தகரக் கொட்டகைக்குள் அப்படிக் குறையாது; கூரையும் சுவரும் திருப்பி அனுப்பும். 90 டெசிபல் போடும் மெஷின் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் 93. பத்து வைத்தால் 100. புது மெஷின் வாங்கும்போது விலையும் உற்பத்தியும் கேட்கிறோம், எத்தனை டெசிபல் என்று கேட்பதில்லை. பெயின்ட் அடிக்கும் பகுதியில் இன்னொரு கூட்டாளியும் இருக்கிறது: தின்னரில் உள்ள டொலுயீன் தானாகவே உள்காதைக் கெடுக்கும், இரைச்சலோடு சேர்ந்தால் இன்னும் கெடுக்கும்.

சட்டம் இவற்றை அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இரைச்சல் செவித்திறன் இழப்பு சேர்க்கப்பட்டது. அதன் 89-ஆம் பிரிவு ஒரு கடமையை மருத்துவரின் தலையில் வைத்தது: ஆலைத் தொழிலாளிக்கு இந்த நோய் இருப்பதாகக் கருதினால், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதி அனுப்ப வேண்டும், தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஓசூரில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் காது மருத்துவருக்கும் அது பொருந்தியது. குவாரியில் வேலை செய்தவருக்கு வேறு சட்டம், 1952-இன் சுரங்கச் சட்டம்; அந்தப் பட்டியலில் இந்த நோய் 2011-இல்தான் ஏறியது. ஒரே கல், ஒரே சத்தம். குழியில் இருக்கும்வரை ஒரு சட்டம், அறுக்கும் கூடத்துக்கு வந்தால் இன்னொன்று என்று இருந்தது. 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இரண்டையும் ஒன்றாக்கியது நல்லது. ஆனால் அதே தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் கூடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான ஆள் எண்ணிக்கையை 10-லிருந்து 20 ஆக உயர்த்தியது. பதினைந்து பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் சத்தம் குறைவு என்று யார் சொன்னது?

இழப்பீட்டுக் கதை இன்னும் மெதுவானது. இரைச்சலால் வரும் செவிப் பாதிப்பு இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாகச் சட்டப் பட்டியலில் இருந்தும், நாட்டில் முதல் இழப்பீடு கிடைத்தது 1996-இல். தொடர்ந்து ஆறு மாதமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. கான்ட்ராக்ட் ஆளை ஐந்தாம் மாதம் கம்பெனி மாற்றினால்? ஜிகணியில் மூன்று ஆண்டு, ஓசூரில் நான்கு ஆண்டு, நடுவில் ஒரு குவாரி என்று ஓடியவரின் காதை எந்தச் சத்தம் கெடுத்தது என்று யார் நிரூபிப்பது? வேலைக்குச் சேர்ந்த அன்று காது எப்படி இருந்தது என்று ஒரு தாள் இருந்தால் நிரூபிக்கலாம். பெரும்பாலானவர்களிடம் அந்தத் தாள்தான் இல்லை.

மாதிரி விதிகள் அதையும் சொல்கின்றன: வரம்புக்கு மேல் சத்தமுள்ள இடத்தில் சேர்ந்தவருக்கு 14 நாளுக்குள் செவிச்சோதனை, பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே இந்தப் பக்கத்துக் கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல இருப்பது இதுதான். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அங்கே சத்தம் 85-ஐத் தொட்டிருக்கும். செவிச்சோதனை கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து உடனே போகாதீர்கள்; லீவு நாள் கழிந்து, வேலைக்கு இறங்குவதற்கு முன்னால், காலையில் செய்துகொள்ளுங்கள். ரிசல்ட்டைக் கம்பெனி ஃபைலில் மட்டும் விட்டுவிடாமல் நகல் வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். அடுத்த கம்பெனிக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள்.